முன்வீட்டில் ஆள் இருக்கிறது

சொந்த வீட்டில் பாதியை வாடகைக்கு விட்டால் என்ன லாபம் என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வாடகைப் பணத்தில் விறகு வாங்கலாம், பள்ளிக்கூடச் சம்பளம் கட்டலாம், உடைந்த ஓட்டை மாற்றலாம். அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த லாபம். எனக்குக் கிடைத்த லாபம் வேறு. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி அம்மியில் மிளகாய் அரைக்கும் சத்தம், அதுதான் என் லாபம். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் திண்டுக்கல்லில் இருக்கலாம். அது நின்றுவிட்டால் மூட்டை கட்ட வேண்டும்.

ஐம்பதுகளின் நடுவில் என் கணவர் கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதாவது லீவு கிடைத்தால் வருவார். வரும்போது ஒரு தகரப் பெட்டி நிறைய வாசனை சோப்பும் தேயிலையும் இருக்கும். நல்ல மனுஷர். ஒரே குறை, அண்ணன் முன்னால் வாய் திறக்க மாட்டார். அந்த அண்ணன், அதாவது என் மூத்தார், பழனி ரோட்டில் உள்ள எங்கள் கிராமத்தில் தோட்டம், கிணறு, மாடு கன்று என்று பெரிய சம்சாரி. கொழும்புப் பணத்தில் என் கணவர் திண்டுக்கல் டவுனில் ஒரு ஓட்டு வீடு வாங்கிப்போட்டதே மூத்தாருக்குப் பிடிக்கவில்லை. அந்த வீட்டில் நானும் என் மகளும் தனியாக இருப்பது அதைவிடப் பிடிக்கவில்லை.

கடைசியாகக் கணவர் கப்பலேறப் போன அன்றைக்கு மூத்தார் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். தம்பி பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்களில் கிடையாது. நானும் அவர் முன்னால் நிற்கமாட்டேன். கதவுக்குப் பின்னால் நிற்பேன். அவர் தம்பியைப் பார்த்துச் சொன்னது எனக்குச் சொன்னதுதான்.

"புருஷன் கடல் தாண்டி இருக்கான். பொம்பளையும் பொட்டப்புள்ளையும் டவுன்ல ஒத்தையில இருந்தா நாலு பேரு என்ன பேசுவான்? வீட்டைப் பூட்டிப்போட்டு ஊருக்கு வரச் சொல்லு."

ஊருக்குப் போனால் என் மகளின் படிப்பு அன்றோடு சரி. எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடம் அஞ்சாம் கிளாசோடு கதவைச் சாத்திக்கொள்ளும். அவளோ அப்போது எட்டு முடித்து ஒன்பதுக்குப் போயிருந்தாள். அதற்கப்புறம் அவளுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு நடந்ததுதான் நடக்கும். என் தாய்மாமன் அன்றைக்கு நல்ல வேளையாக அங்கே இருந்தார். "முன்பக்கத்துல ஒரு நல்ல குடும்பத்தைக் குடி வச்சுட்டாப் போச்சு. அப்புறம் ஒத்தையில இருக்கான்னு எவன் சொல்வான்?" என்று ஒரு வழி சொன்னார். மூத்தார் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சரி. குடி இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். குடி இல்லாத அன்னைக்குப் படிப்பும் இல்ல, டவுனும் இல்ல" என்றார்.

இப்படித்தான் நான் வீட்டுக்காரி ஆனேன்.

எங்கள் வீடு நீளமான வீடு. தெருவைப் பார்த்த முன்பாதியில் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி. அதை முன்வீடு என்போம். பின்பாதியில் நாங்கள் இருந்தோம்; எங்களுக்குப் பக்கத்துச் சந்து வழியாக வாசல். கிணறும் முற்றமும் பொது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. துவைக்கக் குளிக்க ஆகும், பருப்பு வேகாது. குடிக்கத் தெருக்குழாய்.

ஊரில் எல்லா இடத்திலும் வீட்டுக்காரியைக் கண்டு குடித்தனக்காரர்கள் பயப்படுவார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். முன்வீட்டில் இருந்தவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அவர் மனைவி முற்றம் முழுக்க மிளகாயைக் காயப்போட்டுவிட்டு, என் பாயை விரிக்க இடமில்லாமல் செய்வாள். கிணற்றுக் கயிற்றை நனைத்த கையோடு சுருட்டிப் போடுவாள், கயிறு மக்கிப்போகும். எனக்கோ மூக்கின் நுனியில் கோபம். வேறு எவளாக இருந்தாலும் உண்டு இல்லை என்று பார்த்திருப்பேன். இவளிடம் மட்டும், "இருக்கட்டும் கண்ணு, நான் எடுத்து வச்சுக்கிறேன்" என்று தேன் ஒழுகப் பேசுவேன். பேசிவிட்டுப் பின்னால் வந்து பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன். என் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "ஏம்மா, சட்டி என்ன செஞ்சுச்சு?" என்பாள்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது. தெருவில் ஒரு மாட்டுவண்டி நின்றால் போதும், முன்வீட்டுச் சாமானை ஏற்றத்தான் நிற்கிறது என்று ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் தாழ்ந்த குரலில் பேசினால், வேறு வீடு பார்த்துவிட்டார்களோ என்று சுவரில் காதை வைப்பேன். அவர்கள் சண்டை போட்டால் நிம்மதி. சண்டை போடுகிறவர்கள் அன்றைக்கு வீடு மாற மாட்டார்கள் அல்லவா?

பயந்ததுபோலவே மறு வருஷம் ஆனி மாதக் கடைசியில் குமாஸ்தாவுக்குப் பெரியகுளத்துக்கு மாற்றல் வந்தது. ஆர்டர் கையில் கிடைத்ததும் அவர்கள் பறந்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆடியில் பால் காய்ச்சிப் புது வீட்டில் குடியேறுவது எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆனியோடு போனால்தான் உண்டு, இல்லாவிட்டால் ஆவணிதான். அவர்களுக்கு அது சௌகரியம். எனக்கு அது தலையில் விழுந்த கல். ஆனிக் கடைசியில் ஒரு வீடு காலியானால் ஆடி முழுக்க அது காலிதான்.

"ஒரு மாசந்தானக்கா, கண்ண மூடித் திறந்தாப் போயிரும்" என்று குமாஸ்தா மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு என் கதை தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை. குடித்தனக்காரரிடம் சொன்னால் அப்புறம் என்னை அவர்கள் என்ன மதிப்பார்கள்? வண்டி தெருமுனை திரும்பியது. நான் காலியான முன்வீட்டுக்குள் போய் நின்றேன். சுவரில் காலண்டர் மாட்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தக் குமாஸ்தாவுக்கு மாற்றல் போட்ட அதிகாரி யாரோ, அவரை மனசாரத் திட்டினேன்.

வீட்டுத் தரகரிடம் போனேன். "ஆடியில எவன்மா வருவான்? போயிட்டு ஆவணி ஒண்ணாந்தேதி வாங்க" என்று வெற்றிலையைத் துப்பினார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வேதக்காரர்களுக்கு ஆடி கிடையாதே! எங்கள் ஊரில் மாதா கோயில் பக்கம் எத்தனையோ குடும்பம் உண்டு. சொல்லி வைத்ததில் ஒரு கம்பவுண்டர் வீடு பார்க்க வந்தார். நல்ல மனிதர். கூடத்தைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். எல்லாம் பிடித்திருக்கிறது என்றார். "அப்ப நாளைக்கே வந்துருங்களேன்" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எங்களுக்கு ஆடி கெடையாதும்மா. ஆனா எங்க அம்மாவுக்கு இருக்கு. ஆவணியில வாரோம்" என்றார். நான் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

ஆவணி வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்குள் மூத்தார் காதுக்குப் போகக் கூடாது. ஆனால் எங்கள் கிராமத்து வண்டிகள் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு கமிஷன் மண்டிக்கு எங்கள் தெரு வழியாகத்தான் போகும். வண்டிக்காரர்கள் என் வீட்டு முன்வாசலைப் பார்க்காமல் போகவே மாட்டார்கள். போனால் ஊரில் சொல்லாமலும் இருக்க மாட்டார்கள்.

ஆகையால் நான் முன்வீட்டில் ஆள் வைத்தேன். இல்லாத ஆளை.

விடிந்ததும் என் சந்து வாசலில் சாணி தெளித்துக் கோலம் போடுவேன். போட்டுவிட்டு அதே வாளியோடு முன்வாசலுக்குப் போய் அங்கேயும் தெளித்து இன்னொரு கோலம் போடுவேன். என் கணவர் விட்டுப்போன வேட்டியை நனைத்து முன்பக்கக் கொடியில் காயப்போடுவேன். சாயங்காலம் எடுத்து மடிப்பேன். மறுநாள் திரும்ப நனைப்பேன். அந்த வேட்டி அந்த ஒரு மாதத்தில் பட்ட பாட்டை அவர் இடுப்பில் இருந்த காலத்தில்கூடப் பட்டிருக்காது. பொழுது சாய்ந்தால் முன்வீட்டில் ஒரு விளக்கு ஏற்றுவேன். ஒருநாள் எங்கள் ஊர் வண்டி வருவதைப் பார்த்துவிட்டு, காலி வீட்டுக் கதவைப் பார்த்து, "என்னக்கா, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று உரக்கக் கேட்டேன். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல நின்றேன். எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வேப்பிலை கொண்டுவந்தாள்.

நல்லவேளை, என் மகளிடம் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்குத் தெரியும். அவள் என் பொய்க்குக் கூட்டுச் சேரவும் இல்லை, தடுக்கவும் இல்லை. விடியுமுன் எழுந்து பாடம் படிப்பாள். நான் கோலமாவு டப்பாவோடு இரண்டாவது வாசலுக்குப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முதல்நாள் சாயங்காலம் பொழுது இறங்குகிற நேரம். முன்வீட்டு விளக்கை ஏற்றச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சந்துக்குள் மூத்தார் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தலையில் கூடையோடு என் ஓரகத்தி, அவருடைய மனைவி. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

மறுநாள் அய்யலூர் சந்தை. ஆடிப் படையலுக்குக் கறுப்புக் கிடா வாங்க வந்திருக்கிறார்கள். சந்தை விடிகிற நேரத்தில் கூடிவிடும் என்பதால் ராத்திரி எங்கள் வீட்டில் தங்கிவிட்டு முதல் பஸ்சில் போவது ஏற்பாடு. ஓரகத்திக்கு ஆட்டுச் சந்தையில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அவள் என்னோடு இருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவாளாம். என்னை வேவு பார்க்கத்தான் கூட்டிவந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் நான் அந்தக் கிராமத்து வீட்டில் அவளோடு ஒரே அடுப்படியில் சில வருஷம் குப்பை கொட்டியவள். அவள் அதிகம் பேச மாட்டாள். விடிவதற்கு முன் எழுந்து, எல்லோரும் படுத்த பின் படுப்பாள். அவள் பகலில் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. அவளிடம் எனக்குப் பயமும் இல்லை, பிரியமும் இல்லை.

மூத்தார் கால் கழுவிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தார். முன்வீட்டுப் பூட்டைப் பார்த்தார். திண்டுக்கல் பூட்டு, நான் வாங்கிப் போட்டது. பிறகு தன் மனைவியிடம் சொன்னார்.

"முன்பக்கம் காலின்னு வண்டிக்காரப் பய ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன் வேட்டி காயுதுன்னான். என்னன்னு கேளு. காலின்னா, நாளைக்குச் சந்தையில இருந்து வாரப்பவே நான் பள்ளிக்கூடத்துல போயி புள்ள பேரை அடிச்சுட்டு வந்துர்றேன். ஆடி சாமான் ஏத்துறதுக்குத்தான் ஆகாது, பேரை அடிக்கிறதுக்கு என்ன?"

என் மகள் முற்றத்து ஓரத்தில் செம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள்.

"காலியெல்லாம் இல்லக்கா" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். "நாளைக்குக் கிருத்திகையில்ல? குடும்பத்தோட பழனிக்குப் போயிருக்காக. காலையிலதான் போனாக. நாளை ராத்திரிதான் வருவாக."

குரல் நடுங்கவில்லை. பொய் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்காது. உண்மை சொல்லும்போதுதான் நடுங்கும். மூத்தார் பழனி என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நல்லது. சாமி கும்புடுற சனம்" என்றார். ஓரகத்தி கூடையிலிருந்து கத்தரிக்காயை எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நான் தூங்கவில்லை. பழனிக்குப் போனதாகச் சொன்னது சரிதானா, யாராவது எதிர்வீட்டில் விசாரித்தால் அவள் என்ன சொல்வாள், வேட்டியைக் கொடியிலிருந்து எடுத்தேனா என்று புரண்டுகொண்டே இருந்தேன். கோழி கூப்பிட்டதும் எழுந்தேன். தலை கனத்தது. வாளியை எடுத்தேன், சாணியைக் கரைத்தேன், சந்து வாசலில் தெளித்துக் கோலம் போட்டேன். கை தானாக அதே வாளியைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போயிற்று. தெளித்தேன். புள்ளி வைத்தேன். கோலம் போட்டேன். இத்தனை நாளாகப் பழகிய கைக்குப் பழனியும் தெரியாது, கிருத்திகையும் தெரியாது. வந்து காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.

மூத்தார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்சுக்குக் கிளம்பினார். சந்திலிருந்து தெருவுக்குத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏய், இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "பழனிக்குப் போனவுக வாசல்ல கோலம் கெடக்கு? வெளியில பூட்டுத் தொங்குது. யாரு போட்டா?"

உள்ளே இருந்தபடியே, நான் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஊருக்குப் போனவர்கள் வாசலில் வீட்டுக்காரி கோலம் போட்டால் என்ன தப்பு? இப்போது யோசித்தால் எவ்வளவு சுலபமான பதில் அது. ஆனால் திருடியவளுக்குச் சுலபமான பதில் தோன்றாது. அடுக்கடுக்காக எல்லாப் பொய்யும் ஒரே நேரத்தில் சரிந்து விழுவது போல இருந்தது. என் மகள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

ஓரகத்தி கையில் செம்போடு வாசலுக்கு நடந்தாள். கோலத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"நான்தான் போட்டேன்" என்றாள். "சாமி கும்புடப் போனவுக வாசல் வெறுமனே கெடந்தா நல்லாவா இருக்கு? செத்த நேரத்து வேல."

மூத்தார் தலையாட்டினார். "அதுஞ் சரிதான்" என்றார். கோலத்தை மிதித்துத் தாண்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். எத்தனை வருஷமாக அவள் போட்ட கோலத்தைத் தாண்டித்தான் அவர் தினமும் தோட்டத்துக்குப் போகிறார். அது அவள் கை இல்லை என்று அவருக்குத் தெரியவில்லை.

மகள் பள்ளிக்கூடம் போனாள். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, நன்றி சொல்வதா, தெரியாததுபோல இருப்பதா என்று தடுமாறினேன். ஓரகத்தி உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஏ புள்ள, நேத்து வந்தப்பவே பாத்துட்டேன்" என்றாள். "காலையில போட்டது அம்புட்டும் அழியல. ரெண்டு வாசல்லயும் கோலம் முடியுற எடத்துல ஒரு சின்ன வாலு. நீ வாழ வந்த நாள்ல இருந்து அந்த வாலைப் பாக்குறேன். ஒங் கை எனக்குத் தெரியாதா?"

"அக்கா..." என்றேன்.

"சாவியை எடு" என்றாள்.

முன்வீட்டைத் திறந்தேன். பூட்டியிருந்த வீட்டு வாசனை அடித்தது. கூடத்தில் ஒரு விளக்கு, மூலையில் ஒரு திரிப் பொட்டலம், வேறொன்றுமில்லை. அவள் செருப்பில்லாத காலால் மெதுவாக நடந்தாள். அறையைப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள், திரும்பவும் திறந்தாள். அடுப்பின் மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"இங்க குடியிருக்கவுக காலையில எப்ப எந்திரிப்பாக?"

"அது அவுக இஷ்டந்தானக்கா."

"என்ன சமைக்கணும்னு யாரு சொல்லுவா?"

"யாரு சொல்லுவா? அவுக வீட்டுக்கு அவுகதான்."

"பகல்ல படுத்துக் கெடந்தா நீ கேக்க மாட்டியா?"

"நான் எதுக்குக் கேக்குறேன்? வாடகை குடுக்குறாக. கதவைச் சாத்திக்கிட்டாகன்னா நான் தட்டக்கூட மாட்டேன்."

அவள் கதவுப் பக்கம் போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே. தாழ்ப்பாளின் மேல் கை வைத்தபடியே கேட்டாள்: "எனக்கெல்லாம் இப்பிடி ஒரு வீட்டை யாராச்சும் வாடகைக்குக் குடுப்பாகளா?"

நான் சிரித்துவிட்டேன். தோட்டமும் கிணறும் மாடும் உள்ள பெரிய வீட்டுக்காரி வாடகை வீடு கேட்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் நான் குப்பை கொட்டியது சில வருஷம். அவள் இன்னும் அங்கேயே இருக்கிறாள்.

"நான் குடுப்பேன்க்கா" என்றேன்.

"குடுத்தா ஒனக்கும் நல்லதுதான்" என்றாள். "ரெண்டு கோலமும் வேற வேற கையா இருக்கும்."

பாய் கொண்டுவரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். வெறுந்தரையில் முந்தானையை விரித்துப் படுத்தாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பகல் முழுக்க அவள் தூங்கினாள். நான் அம்மி அரைக்காமல், வாளியை இடிக்காமல், எனக்குத் தெரிந்த மட்டும் சத்தம் போடாமல் வேலை செய்தேன். ஒரு குடித்தனக்காரிக்காக நான் மனதாரச் சத்தத்தை அடக்கியது அன்றைக்குத்தான்.

மூத்தார் வரும் நேரத்துக்கு அவளே எழுந்து வந்து முகம் கழுவி, முன்வீட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் வைத்தாள். சந்தையிலிருந்து ஆடு ஏற்றிக்கொண்டு பழனி ரோட்டில் போகிற லாரி ஒன்று தெருமுனையில் நின்றது. கிடா கத்தியது. மூத்தார் சந்தோஷமாக இருந்தார். கிடா நல்ல கொழுத்த கிடா. "முன்வீட்டுல நல்ல சனமாத் தெரியுது" என்று ஓரகத்தி அவரிடம் சொன்னாள். "அடுப்படிய அம்புட்டுச் சுத்தமா வச்சிருக்காக. இங்க ஒண்ணும் பயமில்ல. புள்ள படிக்கட்டும்." அவர், "சரி சரி, தம்பி வரட்டும், பாப்போம்" என்றார். பள்ளிக்கூடத்துப் பக்கம் அவர் போகவே இல்லை. லாரியில் அவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறினார். அவள் பின்னால் ஆடுகளோடு ஏறினாள். கிடாவின் கயிறு அவள் கையில் இருந்தது.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். விரலெல்லாம் மை. "பெரியப்பா போயிட்டாரா?" என்றாள். போய்விட்டார் என்றேன். "அப்ப நாளைக்கு டிராயிங் நோட்டு வாங்கணும்" என்றாள். அவ்வளவுதான். அவள் பத்தும் பதினொன்றும் முடித்து, டீச்சர் டிரெயினிங் போய், பிறகு என்னைவிட நன்றாகக் கோபப்படுகிற டீச்சராக ஆனாள்.

மறுநாள் காலையில் சந்து வாசலில் என் கோலத்தைப் போட்டேன். முன்வாசலுக்குப் போய் நின்றேன். அவள் கோலம் எனக்கும் தெரியும். நடுவிலிருந்து தொடங்குவாள், இதழை ஒடுக்கமாக இழுப்பாள், எல்லாம் முடிந்ததும் கண் படாமலிருக்க நாலு மூலையிலும் ஒவ்வொரு புள்ளி வைப்பாள். எனக்கு முதலில் கோணிக்கொண்டு போனது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ஆவணி பிறக்கும் வரைக்கும் தினமும் போட்டேன். பிறகு கம்பவுண்டர் குடும்பம் வந்தது. அவர் அம்மா பால் காய்ச்சினார்.

அதற்கப்புறம் அந்த முன்வீட்டில் எத்தனையோ பேர் இருந்தார்கள், போனார்கள். பஸ் கண்டக்டர் குடும்பம், தையல்காரர் குடும்பம், கொடைரோடு ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒருவர் குடும்பம். அறுபதுகளில் என் கணவர் கொழும்பை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஆள் இல்லாவிட்டால் போகச் சொல்ல யாருமில்லை. ஆனாலும் வீடு காலியாகும் ஒவ்வொரு தடவையும் வெங்காய வண்டிக்காரர் யாரிடமாவது ஓரகத்திக்குச் சொல்லியனுப்புவேன்: முன்வீடு காலியாக இருக்கிறது என்று மட்டும். "ஆடி போகட்டும்னு சொல்லச் சொன்னாக" என்று அவர் வந்து சொல்வார். சித்திரையில் கேட்டாலும் அதே பதில்தான், ஐப்பசியில் கேட்டாலும் அதே பதில்தான்.

பதில் வந்த பிறகும் நான் உடனே வேறு ஆளை வைப்பதில்லை. கொஞ்ச நாள் பொறுப்பேன். அந்த நாட்களில் முன்வாசலில் நாலு மூலைப் புள்ளியோடுதான் கோலம் போடுவேன். வீடு தேடி வருகிறவர்கள் பூட்டையும் கோலத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆள் இருக்காகளாம்மா?" என்று கேட்பார்கள்.

"இருக்காக. இன்னும் வந்து சேரல" என்பேன்.